எழுதியிருப்பதைக் காட்டுங்கள்

கனகாம்பாளின் சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று டாக்டர் சுப்பராயன் சொன்ன அன்றைக்கே, திருப்பாச்சூரில் அவளுடைய கட்டில் வீட்டை விட்டு வெளியே போய்விட்டது. முடிவு கேட்க அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனவர் கணவனின் அண்ணன் தேசப்பன். கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். அவள் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஊர் வந்து சேருவதற்குள் கட்டில், டிரங்குப் பெட்டி, அவள் சாப்பிடும் தட்டு எல்லாம் வயலில் இருந்த மோட்டார் கொட்டாய்க்குப் போயிருந்தன.

"பசங்க இருக்கிற ஊடு" என்றார் தேசப்பன், வாசலில் நின்றபடி. "கோச்சுக்காத. ஆஸ்பத்திரியில பெட்டு கெடைக்கிற வரைக்கும் அங்க இரு."

கணவன் திருமலை அண்ணனுக்குப் பின்னால் நின்றான். தலை குனிந்திருந்தது. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மகள் முத்தம்மாளுக்கு எட்டு வயது. என்னவென்று புரியாமல் அம்மாவின் பையை வாங்க ஓடிவந்தவளை தேசப்பனின் மனைவி, ஓரகத்தி அங்காளம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். மூன்று வயது லோகநாதன் தூங்கிக்கொண்டிருந்தான்.

இது அறுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். கனகாம்பாளுக்கு இருபத்தொன்பது வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சி எடுத்தவள். கணக்கு நன்றாக வரும், இங்கிலீஷ் அகராதி பக்கத்தில் இருந்தால் வரும்.

டாக்டர் சுப்பராயன் கெட்டவர் இல்லை. திருவள்ளூர் பஜாரில் முப்பது வருஷமாக வைத்தியம் பார்ப்பவர். சானடோரியத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். பங்குனியில் படுக்கை கிடைக்கும் என்று பதில் வந்தது. ஏழு மாதம். அதுவரைக்கும் மருந்து கிடையாது. முழு ஓய்வும் கண்காணிப்பும் இல்லாமல் மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்திவிடுவார்கள், கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு எந்த மருந்தும் கேட்காது என்பது அவர் கொள்கை. சத்தாகச் சாப்பிடு, காற்றோட்டமான இடத்தில் படு, பிள்ளைகளைத் தொடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காற்றோட்டமான இடத்தில்தான் படுத்திருந்தாள். மோட்டார் ஓடும்போது கட்டில் நடுங்கும். எண்ணெய் நாற்றம் இருமலைக் கிளப்பும். அங்காளம்மாள் வரப்பு முனையில் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு "டீச்சர், சோறு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். அக்கா என்று இவள் கூப்பிட்டால் நிற்க மாட்டாள். சாயங்காலம் முத்தம்மாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே வரப்பில் வந்து நிற்பாள். பையன் கையை நீட்டி அழுவான். கனகாம்பாள் நாலு வயல் தள்ளி நின்று, போ, போ என்று கையை ஆட்டுவாள். அவர்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

அவளை உறுத்திக்கொண்டிருந்தது ஒரு பேச்சு. எக்ஸ்ரே எடுக்கப் பட்டணம் போன அன்றைக்கு ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், தன் தம்பிக்கும் இதே நோய் என்றாள். சேத்துப்பட்டில் குடிசை வீடு, நாலு பிள்ளைகள். வாரம் ஒரு தடவை போய் மாத்திரை வாங்கி வந்து வீட்டிலேயே சாப்பிடுகிறான், பத்து மாதமாயிற்று, வேலைக்குக்கூடப் போகிறான் என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கனகாம்பாள் தானே பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் அதைக் கேட்டாள்.

"அது ஒரு பரிசோதனைம்மா" என்றார் அவர். "பெட்டு கெடைக்காத ஏழைங்களுக்கு ஏதோ பண்ணிப் பாக்கறாங்க. அத நம்பி நான் ஒங்க புள்ளைங்களப் பணயம் வைக்க மாட்டேன்."

"பண்ணிப் பாத்ததுல இன்னா ஆச்சின்னு எழுதியிருக்காங்களா டாக்டர்?"

"எழுதாம இருப்பாங்களா? டாக்டருங்க படிக்கிற பத்திரிகையில வரும். நீங்க படிச்சிப் புரிஞ்சிக்கிற விஷயம் இல்ல."

"படிச்சிப் பாத்தாத்தான புரியுதா இல்லையான்னு தெரியும். அந்தப் பத்திரிகை எங்க இருக்கும், அத மட்டும் சொல்லுங்க."

பேச்சை முடித்தால் போதும் என்று நினைத்து அவர் இடத்தைச் சொன்னார். எழும்பூரில் டாக்டர்கள் சங்கத்துக்கு ஒரு நூலகம் இருக்கிறது.

அன்றைக்குத் திரும்பி வந்து, கனகாம்பாள் ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் தன் கேள்வியை எழுதினாள். வகுப்பில் கணக்குக் கொடுப்பதுபோல் ஒழுங்காக எழுத முயன்றாள். மூன்று தடவை அடித்துத் திருத்திய பிறகு அது இப்படி நின்றது: ‘வீட்டிலேயே மருந்து சாப்பிடும் அம்மாவோடு இருக்கும் பிள்ளைகளுக்கு, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்ட பிள்ளைகளைவிட இந்த நோய் அதிகமாக வருகிறதா?’ கீழே இன்னொரு வரியும் எழுதினாள். ‘ஆமாம் என்றால் நான் போய்விடுவேன். யாரும் அனுப்ப வேண்டாம்.’

புரட்டாசி முதல் சனிக்கிழமை அவள் பட்டணத்துக்கு ரயில் ஏறினாள். எதிர்த் திசையில் போன வண்டியெல்லாம் திருப்பதிக்குப் போகிற மஞ்சள் வேட்டிக் கூட்டம். கோவிந்தா கோவிந்தா என்ற சத்தம் ஜன்னலைக் கடந்து போயிற்று. அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நூலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பாக்கியநாதன் என்ற குமாஸ்தா. காதோரம் நரைத்தவர்.

"மெம்பருங்கதான் உள்ள வரலாம்மா. டாக்டருங்க."

"நான் நோயாளி சார்."

"ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு."

"வைத்தியத்துக்கு வரல. என்ன மாதிரி ஆளுங்கள வெச்சித்தான் அதெல்லாம் எழுதியிருக்காங்க. எங்களப் பத்தி எழுதினத நாங்க படிக்கக் கூடாதுன்னு ரூல் இருந்தா, அந்த ரூலக் காட்டுங்க. படிச்சிட்டுப் போயிடறேன்."

பாக்கியநாதன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி ஒரு விதி எழுதி வைத்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஜன்னலோரம் தனியாகக் கிடந்த ஒரு மேசையைக் கையால் காட்டினார். "அங்க ஒக்காருங்க. காத்து வரும். இன்னா வேணும்?"

அவள் நோட்டைத் திறந்து கேள்வியைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு தடித்த அட்டவணைப் புத்தகத்தைத் தூக்கி வந்து வைத்தார். எந்த நோயைப் பற்றி எந்த இதழில் எந்தப் பக்கத்தில் யார் எழுதினார்கள் என்பது அதில் வரிசையாக இருந்தது. காசநோய்க்கு மட்டும் பக்கம் பக்கமாகப் போயிற்று. கனகாம்பாள் ஒவ்வொரு தலைப்பாக அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை அவள் படித்த மூன்று கட்டுரைகளும் டாக்டர் சுப்பராயன் சொன்னதையே சொல்லின. நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டும், மலைக்காற்று வேண்டும், ஓய்வு வேண்டும். பெரிய பெரிய டாக்டர்கள் எழுதியது. திரும்பும்போது ரயிலில் நிற்க இடமில்லை. திருப்பதிக்குப் போகிற மஞ்சள் வேட்டிகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போ நான் போகத்தான் வேண்டும் என்று நினைத்தாள். திருநின்றவூர் தாண்டும்போதுதான் வேறொன்று தோன்றியது. அந்த மூன்று பேரும், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு இன்னொரு பக்கம் மோசம் என்று எப்படிச் சொன்னார்கள்?

இரண்டாவது சனிக்கிழமை அவள் அட்டவணையில் அதைத்தான் தேடினாள், இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று. மதராஸ் என்ற பேரைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது. பாக்கியநாதன் அந்த இதழைத் தேடி எடுத்துவர அரை மணி நேரமாயிற்று. ஐம்பத்தொன்பதாம் வருஷத்து இதழ். எங்கோ சீமையில் இல்லை, அவள் உட்கார்ந்திருந்த அதே பட்டணத்தில் நடந்த ஆராய்ச்சி. நூற்றுத் தொண்ணூற்று மூன்று நோயாளிகள். பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் சானடோரியத்தில். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

ஒரு வார்த்தை அவளை நிறுத்திற்று. ‘ரேண்டம்’ முறையில் பிரித்தார்கள் என்று இருந்தது. அகராதி, ‘குறிக்கோளின்றி’ என்றது. உயிர் விஷயத்தில் குறிக்கோள் இல்லாமல் பிரிப்பார்களா? கோபம் வந்தது. அகராதியை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வகுப்பு நினைவுக்கு வந்தது. சடுகுடுவுக்குப் பிள்ளைகளைப் பிரிக்கும்போது, நீயே ஆளை எடுத்துக்கொள் என்று விட்டால் பலசாலியெல்லாம் ஒரே கட்சிக்குப் போய்விடும். அதனால் அவள் சீட்டுக் குலுக்கிப் போடுவாள். அப்படிப் போட்டால் ஜெயித்த கட்சி ஆட்டத்தால் ஜெயித்தது என்று சொல்லலாம். இவர்களும் சீட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். நோய் குறைவானவர்களை வீட்டுக்கும் முற்றினவர்களை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பி ஏமாற்றவில்லை. தன்னையறியாமல் "ஆ, அதுவா" என்று சொல்லிவிட்டாள். பாக்கியநாதன் தலை தூக்கிப் பார்த்தார்.

வருஷக் கடைசியில் வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் தொண்ணூற்றிரண்டு. அவள் இரண்டு எண்ணையும் அருகருகே எழுதினாள். தனக்குப் பிடிக்காததை விட்டுவிடவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அடுத்த வருஷத்து இதழ் கிடைத்தது. அதே ஆட்களின் வீட்டாரைப் பற்றியது. நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த கேள்வியை அந்த ஆராய்ச்சிக்காரர்களும் கேட்டிருந்தார்கள். பதில்: வீட்டில் வைத்திருந்தவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகவில்லை. கனகாம்பாள் அதற்கான எண்கள் இருந்த அட்டவணையைக் கட்டம் கட்டமாகப் பிரதி எடுத்தாள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு எண்ணையும் மறுபடி ஒத்துப் பார்த்தாள்.

டாக்டர் சுப்பராயன் அவள் நோட்டை நின்றபடியே புரட்டினார். முகம் சிவந்தது.

"முப்பது வருஷமா இந்த நோயப் பாக்கறேன் நான்."

"ஊட்லயே வெச்சி, ஒரு வருஷம் மருந்து குடுத்து, எத்தன பேரப் பாத்தீங்க டாக்டர்?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். "நீங்க எழுதினதுலயே இருக்கு பாருங்க. சானடோரியத்துல தொண்ணூத்திரெண்டு. அது தேவலாம்னுதான அர்த்தம்?"

"கொஞ்சம் கூடத்தான். ஒத்துக்கறேன். நாளைக்கே பெட்டு இருந்தா நான் யோசிப்பேன். ஆனா மருந்து இல்லாம ஏழு மாசம் மோட்டார் கொட்டாயில கெடக்கறவங்க இதுல எந்தக் கட்டத்துல வராங்க? ரெண்டுலயும் இல்லையே. நீங்க எனக்குக் குடுத்திருக்கிற வைத்தியம் இதுல எங்கயுமே இல்ல."

வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நோட்டை மூடி அவளிடம் தள்ளினார். "அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார்.

தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் அவளை உட்காரச் சொன்னார். மேசைமேல் அவர் கையெழுத்தில் குறிப்புகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆளைத் தனியாக நூலகம் திறக்கச் சொல்லிப் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நீங்க பிரதி எடுத்தது சரியாத்தான் இருக்கு. ஒரு விஷயத்த மட்டும் வுட்டுட்டீங்க. வேணும்னு வுடல, புரிஞ்சிருக்காது." அவர் குரலில் பழைய அதட்டல் இல்லை. "குடும்பத்துல நோய் வந்தவங்கள்ல நெறையப் பேருக்கு, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தொத்தியிருக்குன்னு எழுதியிருக்கான். நீங்க இருமிக்கினு, தெரியாம இருந்தீங்களே, அந்த மாசங்கள்ல. ஆபத்து அங்கதான் இருக்கு. புள்ளைங்களக் கூட்டிக்கினு வாங்க. ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணணும். ஒங்களுக்கு இன்னைக்கே மாத்திரை."

கனகாம்பாளுக்கு மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிய சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போய் டெஸ்ட் பண்ணியதில் லோகநாதனுக்குத்தான் நோய் இருந்தது. கையில் போட்ட ஊசி பெரிதாகத் தடித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் அருகே ஒரு நெறி கட்டியிருந்தது. முத்தம்மாளுக்கு ஒன்றும் இல்லை. பையனுக்கும் மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

பஸ்ஸில் பையன் அவள் மடியில்தான் தூங்கிக்கொண்டு வந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அவனுக்கு இதைக் கொடுத்தது நான்தான் என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பஸ் நின்றதும் அவள் வரப்புப் பக்கம் திரும்பவில்லை. பையனைத் தோளில் போட்டு, முத்தம்மாளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு நடந்தாள்.

தேசப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். விஷயம் அதற்குள் யார் மூலமோ அவருக்கு எட்டியிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் நாலு பேர் கூடியிருந்தார்கள்.

"பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னனா இல்லையா? புள்ளைக்கி ஒட்டிக்கிச்சா? காக்களூர்ல ஒருத்தன் இப்பிடித்தான் ஊட்டவுட்டுப் போமாட்டேன்னு கெடந்தான். நாலு உசுரு போச்சு அந்த ஊட்ல."

"அவுரு மருந்து சாப்ட்டாரா மாமா?"

"மருந்து இன்னா மருந்து. நாட்டுமருந்து ஏதோ குட்சிக்கினு இருந்தான்."

"அப்ப அது மருந்து சாப்டாதவங்க கதை. நான் படிச்சது மருந்து சாப்ட்டவங்க கதை. அதுவும் ஒருத்தரோட கதை இல்ல, நூத்துத் தொண்ணூத்து மூணு பேரோடது." அவள் குரல் உயரவில்லை, ஆனால் கூடியிருந்த எல்லோருக்கும் கேட்டது. "லோகுவுக்கு ஒட்டினது நான் கொட்டாய்க்குப் போறதுக்கு முன்னாடி. நீங்க கட்டிலத் தூக்கினது அவனக் காப்பாத்தல மாமா. நான் பங்குனி வரைக்கும் அங்க கெடந்து அப்புறம் சானடோரியம் போயிருந்தா, இவன் நெஞ்சுல இருக்கறது ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. தேடிப் போனதாலதான் தெரிஞ்சுது. இவன் என் புள்ள. இவனுக்கு ஒரு கெடுதல்னு எழுதியிருந்தா, அன்னிக்கே நான் கெளம்பியிருப்பேன். எழுதியிருக்கறது அப்பிடி இல்ல. இல்லன்னு சொல்றவங்க, எங்க எழுதியிருக்குன்னு எனக்குக் காட்டுங்க."

"ரொம்பப் படிச்சிட்ட நீ" என்றார் தேசப்பன். "இந்த ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா, சமையல் வேற, தண்ணிப் பானை வேற. நாங்க தனி."

"சரி மாமா. தனியாவே இருக்கோம்."

யாரும் எதிர்பாராதது அதற்குப் பிறகு நடந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்ற திருமலை வயலை நோக்கி நடந்தான். கொஞ்ச நேரத்தில் கட்டிலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு தெருவில் வந்தான். அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளு" என்றான். "கனமா கீது."

தேசப்பன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். தள்ளி நின்றார்.

அந்த ஒரு வருஷம் சுலபமாகப் போகவில்லை. மாத்திரைகளில் ஒன்று பெரிதாக, வாயில் வைத்தாலே குமட்டும். வேளைக்கு ஐந்தாறு விழுங்க வேண்டும். வாந்தி எடுத்துவிட்டு மறுபடி விழுங்குவாள். முற்றத்தின் நடுவில் தேசப்பன் மூங்கில் தட்டி வைத்து மறைத்தார். பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். பொங்கலுக்குத் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் ஒரு கரும்புத் துண்டுகூட வரவில்லை. ஆனால் மாசியில் ஒருநாள் அங்காளம்மாள் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, தன் பெரிய மகனுக்கு ராத்திரியில் காய்ச்சல் வருகிறது, புருஷனுக்குத் தெரியாமல் டாக்டரிடம் காட்ட முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டாள். கனகாம்பாள் அன்றைக்கே அவர்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போனாள். அது வெறும் மலேரியா. அங்காளம்மாள் திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து கனகாம்பாளின் சளியில் கிருமி இல்லை. லோகநாதன் நெஞ்சில் இருந்த கட்டி கரைந்தது. புரட்டாசி முடியும்போது டாக்டர் மருந்தை நிறுத்தினார். பள்ளிக்கூடம் மட்டும் அவளைத் திரும்ப எடுக்க இன்னும் எட்டு மாதம் இழுத்தது. மேலதிகாரி அலுவலகத்தில் ஒவ்வொரு வாரமும் போய் உட்கார்ந்து, டாக்டர் கொடுத்த சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு, முடியாது என்பதை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் வேலையை வாங்கினாள்.

வேலைக்குச் சேர்ந்த மாதம், டாக்டர் சுப்பராயனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. திருவாலங்காட்டில் துளசிராமன் என்று ஒரு குடியானவனின் இருபத்திரண்டு வயதுப் பெண்டாட்டி அஞ்சம்மாளுக்குக் கிருமி கண்டிருக்கிறது, மாத்திரை கொடுத்தாகிவிட்டது, ஆனால் மாமியார் வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள், நான் சொல்லிக் கேட்கவில்லை, நீங்கள் போய்ச் சொல்ல முடியுமா என்று எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போய் அவள் திருவாலங்காட்டில் இறங்கினாள். வீட்டைக் கண்டுபிடித்து, இன்ன விஷயமாக வந்திருக்கிறேன், எனக்கும் இந்த நோய் வந்து தீர்ந்தது என்று சொன்னதும் மாமியார்க்காரி முகம் சுளித்தாள்.

"நீயும் அந்த நோய்க்காரியா? அங்கயே நின்னு பேசும்மா. உள்ள வராத."

கனகாம்பாள் செருப்பைக் கழற்றினாள்.

"உள்ள வந்துதாம்மா பேசணும்" என்றாள். "கொட்டகையில இருக்கற பொண்ணையும் கூப்புடுங்க. அவளப் பத்தினது, அவளும் கேக்கட்டும்."

படியேறி உள்ளே போய், கூடத்தில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து, நோட்டைத் திறந்தாள்.